கரையில் நின்றவனின் முகம்

நம் தீவு, துவாலு
14 மார்ச் 1977

அன்புள்ள தங்கை திலேசாவுக்கு,

சிமியோனா எழுதுவது. கையெழுத்தைப் பார்த்ததுமே தெரிந்திருக்கும். முன்பைவிடக் கொஞ்சம் நடுங்குகிறது, அவ்வளவுதான். கில்பர்ட் தீவுகளிலிருந்து நம் நாடு பிரிவதற்கான வாக்கெடுப்பு நடந்த வருடத்திலிருந்து உன் கடிதம் ஒன்றும் வரவில்லை. நான் அனுப்பியவை வந்து சேர்ந்தனவா, அடுப்புக்குப் போயினவா என்று தெரியவில்லை. கேட்கவும் துணிவில்லை.

இப்போது எழுத ஒரு காரணம் இருக்கிறது. காரணம் இல்லாமலே எழுதியிருக்கலாமே என்று நீ நினைப்பாய். நானும் அதையே நினைத்தேன்.

அடுத்த வருடம் விடுதலை. அதையொட்டி நம் சரித்திரத்தை நம்மவர்களே எழுத வேண்டும் என்று தலைநகரிலிருந்து சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். முதல் தோணி வந்து சேர்ந்தது தொடங்கி விடுதலை வரை, தீவுக்கு ஒருவர் எழுத வேண்டும். ஊர்மண்டபத்தில் பெரியவர்கள் கூடினார்கள். தலைவர் பைவா என் பக்கம் கையை நீட்டினார்.

"நம்ம வாத்தியார் எழுதட்டும்யா. அவருக்கு வலை வீச வராது, மரம் ஏற வராது. உக்காந்த எடத்துல செய்யற வேலை இது ஒண்ணுதான்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் மறுத்தேன். மெதுவாக மறுத்ததால் யாருக்கும் கேட்கவில்லை.

சமோவாவிலிருந்தும் தொங்காவிலிருந்தும் வந்த முன்னோர்களைப் பற்றி எழுதத் தொடங்கியிருக்கிறேன். போதகர்கள் வந்தது, ஆங்கிலேயர் கொடி ஏற்றியது, போரில் அமெரிக்கர்கள் வந்திறங்கியது எல்லாவற்றுக்கும் குறிப்பு இருக்கிறது. ஒரே ஓர் இடத்தில் நிற்கிறேன். 1863. பெரு நாட்டுக் கப்பல் வந்து, கடவுளின் வார்த்தையைக் கற்றுத் தருவதாகச் சொல்லி, நம் ஊரை ஏமாற்றி அடிமைகளாக ஏற்றிக்கொண்டு போன நாள். நம் கொள்ளுத்தாத்தா தௌலு எப்படித் தப்பினார் என்று ஆண்கள் சொல்வது எனக்குத் தெரியும். படகில் ஒரு கால் வைத்தவர், உள்ளே தங்கை மோயா உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். வயது வந்த அண்ணனும் தங்கையும் நம் முறைப்படி ஒரே படகில் போகக் கூடாது என்பதால் இறங்கி, அடுத்த படகுக்காக நின்றார். அடுத்த படகு வரவில்லை. மரியாதை காத்தவரைக் கடவுள் காத்தார் என்று போதகர் ஆண்டுதோறும் பிரசங்கம் செய்கிறார்.

பெண்கள் இதை வேறு விதமாகச் சொல்வதாகக் கேள்வி. இங்கே கேட்டால், "உங்க வீட்டுக் கதையை எங்ககிட்ட கேக்கறீங்களே" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள். நம் வீட்டுப் பெண்களில் மிஞ்சியிருப்பவள் நீ மட்டும்தான்.

நீ என் பெரியப்பா மகள். பால்பல் விழுந்த வயதுக்குப் பிறகு நாம் ஒரே பாயில் உட்கார்ந்ததில்லை, ஒரு வார்த்தை நேரில் பேசியதில்லை. நீ வரும் பாதையில் நான் விலகி நிற்பேன். நீ திருமணமாகிக் கில்பர்ட் தீவுகளில் தராவாவுக்குப் போன பிறகுதான் நமக்குப் பேச்சு தொடங்கியது. கடிதத்துக்கு அந்த விலக்கு பொருந்தாது என்று யாரும் சொல்லவில்லை. பொருந்தும் என்றும் யாரும் சொல்லவில்லை. அந்தத் துணிவில்தான் இதையும் எழுதுகிறேன்.

சிமியோனா


பேட்டியோ, தராவா
2 ஜூன் 1977

சிமியோனா அண்ணனுக்கு,

உங்க கடுதாசி எல்லாம் வந்துச்சு. அடுப்புல போடல. பாய்க்கு அடியில கெடக்கு. படிச்சியான்னு மட்டும் கேக்காதீங்க. நான் வாத்தியார் இல்ல, பேசுற மாதிரிதான் எழுத வரும். பொறுத்துக்கோங்க.

வாக்குச் சீட்டுல எந்தப் பக்கம் கோடு போட்டீங்கன்னு நான் கேக்கல. ஊரே பிரியணும்னுதான் போட்டுது, நீங்க மட்டும் மாத்தியா போட்டிருப்பீங்க? கோடு போடறப்ப, தராவால ஒருத்தி இருக்காளேன்னு தோணுச்சா? அதை மட்டும் சொல்லுங்க.

பிரிஞ்சதும் இங்க ஆபீஸ்ல இருந்த நம்ம ஆளுங்க எல்லாம் பொட்டி, பாய், கோழி வரைக்கும் தூக்கிட்டுக் கப்பலேறினாங்க. நான் துறைமுகத்துல நின்னு பாத்தேன். கூட வாடின்னு கூப்பிட்டாங்க. எங்க வீட்டுக்காரர் நகிபே அப்போ படுத்த படுக்கை. கில்பர்ட்காரனைக் கட்டிக்கிட்டவ எங்க போவா? போன வருசம் அவரும் போயிட்டாரு. உங்களுக்கு எழுதல. எழுதற அளவுக்குக் கோவம் ஆறல.

இப்ப அவர் தங்கச்சி தினம் வந்து வாசல்ல நிக்கறா. "உன் நாட்டுக்காரங்க எல்லாம் மூட்டை கட்டிட்டாங்களே அண்ணி, நீ எப்போ?"ன்னு கேக்கறா. "கெழங்கு வெந்ததும் கெளம்பறேன்"னு சொன்னேன். மறுநாள் வந்து, "வெந்துச்சா?"ங்கறா. நல்லவதான். அவ மகனுக்குக் கல்யாணம், வீடு வேணும். நாப்பது வருசம் இருந்த வீட்டுல நான் இப்போ விருந்தாளி.

ஆக, நாட்டோட சரித்திரத்துக்கு நான் வேணும். நாட்டுக்கு வேணுமா, அண்ணே? அதை யாரும் எழுதிக் கேக்கலயே.

பொம்பளைங்க கதை பொம்பளைங்ககிட்டயே இருக்கட்டும். நீங்க போதகர் சொன்னதையே எழுதிக்கோங்க.

கூரை மேஞ்சீங்களா? மழைக்கு முன்னாடி மேயணும். உங்களுக்குச் சொல்ல ஆளில்லன்னு தெரியும்.

திலேசா


நம் தீவு
20 செப்டம்பர் 1977

அன்புள்ள திலேசா,

நகிபே இறந்ததை உன் கடிதத்தில்தான் அறிந்தேன். அவர் எனக்கு ஒருமுறை மீன் தூண்டில் முள் அனுப்பினார். நன்றி எழுதினேன். அதில் ஒரு மீனும் பிடிக்கவில்லை என்பதை எழுதவில்லை.

நீ கேட்டதற்குப் பதில். தோன்றியது. கோடு போடும் முன்பா பின்பா என்று யோசித்துப் பார்த்தேன். பின்பு என்றுதான் நினைக்கிறேன். கில்பர்ட்காரர்கள் பலர், நாம் சிலர். ஒரே நாடாக இருந்தால் நம் மொழி அலுவலகத்தின் பின்வாசலில் நிற்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கும் சரியென்று பட்டது. இன்றும் சரியென்றே படுகிறது. கடலின் மேல் கோடு விழும்போது அது வீடுகளின் மேலும் விழும் என்பதை மட்டும் நான் கணக்கில் எடுக்கவில்லை. அந்த அத்தியாயத்தை இன்னும் எழுதவில்லை. எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

கூரை மேயவில்லை. மனைவி லைனா இறந்த பிறகு வீட்டில் ஒரு மூலை போதும் என்றாகிவிட்டது. ஒழுகாத மூலையில் மேசை இருக்கிறது. பிள்ளைகள் இருவரும் நவுருவில் பாஸ்பேட் சுரங்கத்தில் வேலை செய்கிறார்கள். கிறிஸ்துமஸுக்குத் தகர டப்பாவில் மாட்டிறைச்சி வரும். டப்பாவின் மேல் என் பெயரை அவர்கள் கையால் எழுதியிருப்பார்கள். அதற்காகவே டப்பாவை எறிவதில்லை.

முதல் தோணி அத்தியாயத்தை ஊர்மண்டபத்தில் படித்தேன். படித்து முடிப்பதற்குள் சண்டை. கிழக்குத் தெரு, தங்கள் முன்னோர்தான் முதலில் இறங்கினார்கள் என்றது. மேற்குத் தெரு, "உங்காளு எறங்கறப்ப எங்காளு தேங்கா சுட்டுத் தின்னுக்கிட்டிருந்தான்யா, வா வந்து ஒரு துண்டு தின்னுன்னு கூப்பிட்டதே அவன்தான்" என்றது. முதலில் வந்தவன் வம்சத்துக்குத்தான் புலாக்காக் கிழங்கு விளையும் நல்ல குழிகள் என்பது உனக்குத் தெரியும். கடைசியில் பைவா சொன்னார்: "வாத்தியாரே, ரெண்டு தோணியும் ஒரே அலையில வந்துச்சுன்னு எழுது." அப்படியே எழுதினேன். கடலில் அப்படி நடக்குமா என்று என்னைக் கேட்காதே.

ஆனால் 1863-ஐ அப்படி எழுத முடியவில்லை. அன்று ஊரில் இருந்தவர்களில் பெரும்பாலோர் போய்விட்டார்கள். யாரும் திரும்பவில்லை. அங்கே மட்டுமாவது நடந்ததை நடந்தபடி எழுத வேண்டாமா? அல்லது எனக்குத்தான் அந்தத் தகுதி இல்லையா? எழுதிய பக்கத்தை எடுத்துப் படிக்கும்போதெல்லாம், இது தெரிந்தவன் எழுதியதல்ல என்று தோன்றுகிறது.

வற்புறுத்தவில்லை. எழுத விருப்பமில்லை என்றால் வேறு ஏதாவது எழுது. கிழங்கு வெந்ததா என்றாவது.

சிமியோனா


பேட்டியோ
9 பிப்ரவரி 1978

அண்ணே,

கேட்டது இதுல இருக்கு. உக்காந்து படிங்க.

போன மாசம் சாயினி செத்துட்டா. என்னை விட்டா இங்க நம்ம தீவுக்காரின்னு இருந்தவ அவ ஒருத்திதான். எனக்கும் அவளுக்கும் ஆகவே ஆகாது, உங்களுக்குத் தெரியும். என் பாயைத் திருடினவ. பொதைச்சுட்டு வரப்ப, நம்ம மொழியில இனிமே யார்கிட்ட சண்டை போடறதுன்னு நெனைச்சேன். வீட்டுக்கு வந்து பூனைகிட்ட பேசிப் பாத்தேன். அது கில்பர்ட் பூனை. காதுலயே வாங்கல.

நானும் போயிட்டா மோயாவுக்கு யாரும் இல்ல. அதனால எழுதறேன். உங்க சரித்திரத்துக்காக இல்ல.

தௌலு தாத்தா படகுல கால் வெச்சதும், தங்கச்சியைப் பாத்து எறங்கினதும் நெசம்தான். அங்க வந்ததும் போதகர் ஆமென் சொல்லி முடிச்சிடறாரு. பொம்பளைங்க கதை அதுக்கப்புறம்தான் ஆரம்பிக்குது.

மோயா இருந்த படகு பவளத்திட்டைத் தாண்டறப்ப, முன்னாடி போன படகு கப்பலை ஒட்டி நின்னுச்சு. அதுல இருந்தவங்களைக் கை குடுத்து ஏத்தல. மூட்டையை இழுக்கற மாதிரி இழுத்தாங்க. ஒருத்தனைக் கட்டையால அடிச்சாங்க. மோயா பாத்துட்டா. எந்திரிச்சு நின்னு கரையில இருந்த அண்ணனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டா. "தௌலு! தௌலு! வந்து என்னைக் கூட்டிட்டுப் போ!"

வயசுக்கு வந்த தங்கச்சி, ஊர் முன்னாடி, அண்ணனைப் பேர் சொல்லி. அதைவிட வெக்கக்கேடு வேற என்ன இருக்கு? தௌலு என்ன செய்யணுமோ அதைச் செஞ்சாரு. முதுகைக் காட்டித் திரும்பிக்கிட்டாரு. கரையில நின்னவங்களும் தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. யாருமே அந்தக் கப்பலைப் பாக்கல. பக்கத்துல தோணி இருந்துச்சு, துடுப்பு இருந்துச்சு. அவ கூப்பிட்டுக்கிட்டே போனா. திட்டுல அடிக்கிற அலை அவ சத்தத்தை முழுங்கற வரைக்கும் கூப்பிட்டா.

இதைச் சொன்னது தௌலுவோட பொண்டாட்டி. கைக்கொழந்தையோட கரையில நின்னவ. ஆம்பளைங்க காதுபட ஒருநாளும் சொன்னதில்ல. பாய் முடையறப்ப மருமகளுக்குச் சொன்னா, அந்த மருமக எங்கம்மாவுக்கு, அம்மா எனக்கு. உங்கம்மா உங்களைப் பெத்ததும் போயிட்டாங்க. இருந்திருந்தாலும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டாங்க.

நம்ம ரெண்டு பேரும் அந்தத் திரும்பின முதுகுல இருந்து வந்தவங்க, அண்ணே. எழுதறதுன்னா அதை எழுதுங்க.

இன்னொரு விசயம். கெழங்கு வெந்துருச்சு. விடுதலைக்கு முன்னாடி போய்ச் சேந்தா ஊர்க்காரி, பின்னாடி போனா வேத்து நாட்டுக்காரின்னு இங்க பேசிக்கறாங்க. நெசமோ பொய்யோ தெரியல. வரட்டுமா?

திலேசா


நம் தீவு
3 மே 1978

அன்புள்ள திலேசா,

உன் கடிதத்தை உட்கார்ந்துதான் படித்தேன். பிறகு எழுந்து கடற்கரைக்குப் போனேன். தோணிகள் கவிழ்த்து வைக்கும் அந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். அங்கிருந்து திட்டின் இடைவெளி எவ்வளவு பக்கம் என்று இத்தனை வருடம் கவனித்ததில்லை.

எழுதினேன். மண்டபத்தில் படித்தேன். கிழக்குத் தெருவும் மேற்குத் தெருவும் முதல்முறையாக ஒரே பக்கம் நின்றன, எனக்கு எதிராக. பைவாதான் எழுந்து கேட்டார்.

"ஏன் வாத்தியாரே, நம்ம முப்பாட்டன் கல்லு மனசுக்காரன்னு நாளைக்குப் பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க மனப்பாடம் பண்ணணுமா? வெள்ளைக்காரன் கப்பல்ல வந்து திருடினான். குத்தம் அவனோடது. நீ எதுக்கு நம்ம முதுகைக் காட்டற?"

"நடந்ததை எழுத..." என்றேன்.

"நீ பாத்தியா?"

பார்க்கவில்லை. பிரசங்கத்தில் உள்ளபடி எழுதும்படி சொல்லி அனுப்பிவிட்டார்கள். இரண்டு விதமாகவும் எழுதி வைத்திருக்கிறேன். எதை அனுப்புவேன் என்று எனக்கே தெரியவில்லை. தலைநகருக்குப் போகும் கடைசிக் கப்பல் அக்டோபர் நடுவில்.

இனி உன் கேள்வி. வரட்டுமா என்று கேட்டாய். வா என்பது ஒரே எழுத்து. மூன்று நாளாக அதை எழுதாமல் சுற்றிச் சுற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இதைச் சொல்லலாமா என்று தெரியவில்லை. நீ தராவாவில் இருக்கும்வரை எனக்குப் பேச ஒருவர் உண்டு. நீ இங்கே வந்துவிட்டால் எனக்கு ஒருவரும் இல்லை. நீ வரும் பாதையில் நான் விலகி நிற்க வேண்டும். தேவாலயத்தில் நீ உட்காரும் பக்கம் நான் பார்க்கக் கூடாது. நகிபேயைப் பற்றியோ சாயினி திருடிய பாயைப் பற்றியோ கேட்க முடியாது. இது தன்னலம் என்று எனக்குத் தெரிகிறது. தெரிந்தும் எழுதுகிறேன், நீ நேரில் இல்லாததால்.

உன் அப்பா வீடு மேற்குக் கோடியில் பூட்டியே கிடக்கிறது. கூரைக்கு ஓலை முடையச் சொல்லியிருக்கிறேன். இதையே பதிலாக எடுத்துக்கொள்.

சிமியோனா


பேட்டியோ
21 ஆகஸ்ட் 1978

அண்ணே,

அடுத்த கப்பல்ல வரேன். பூனையை நாத்தனாருக்குக் குடுத்துட்டேன். ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு புரிஞ்சுக்குதுங்க.

ரேடியோவுல பயணிங்க பேரை வாசிப்பாங்க, என் பேரு வரும். கேட்டுட்டு வீட்டுலயே இருங்க. கரைக்கு வராதீங்க. வந்தா என்னைப் பாத்ததும் திரும்பிக்கணும். உங்க முதுகைப் பாக்கறதுக்கு நான் இவ்வளவு தூரம் வரல.

இதுதான் நம்ம கடைசிக் கடுதாசியா இருக்கும். வேற ஏதாச்சும் எழுதணும்னு நெனைச்சு உக்காந்தேன். ஒண்ணும் வரல. ஒடம்பைப் பாத்துக்கோங்க.

திலேசா


மேற்குக் கோடி
2 அக்டோபர் 1978

சிமியோனா அண்ணனுக்கு,

கடைசின்னு சொன்னேன், இல்ல. இதைப் போதகர் பொண்டாட்டிகிட்ட குடுத்தனுப்பறேன். அவ படிக்காம தருவாளான்னு தெரியல. படிச்சா படிக்கட்டும், ஊர்ல இனிமே ஒளிக்க என்ன இருக்கு.

நேத்து கொடி ஏத்தினப்ப நீங்க வரல. வெக்கப்பட்டு வீட்டுக்குள்ள இருக்கீங்கன்னு சொன்னாங்க. எல்லாரும் என்ன பேசினாங்க தெரியுமா? புதுக் கொடி, புது நாடு, எதையும் பேசல. "வாத்தியார் கத்துனதைக் கேட்டியா?" அதே பேச்சுதான். ஒருத்தி என்கிட்டயே நடிச்சுக் காட்டினா. தொண்டை ஒடையற பையன் மாதிரி, "திலேசாஆ, வா!"ன்னு. எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்.

நான் வந்து எறங்கின அன்னைக்குப் படகுல நடந்தது உங்களுக்குக் கரையில இருந்து தெரிஞ்சிருக்காது, அதனால சொல்றேன். அலை பெருசா இருந்துச்சு. படகுக்காரங்க திட்டு வாயில ஒரு நல்ல அலைக்குக் காத்திருந்தாங்க. நான் பாயைத் தலையில போட்டுக்கிட்டுக் குனிஞ்சு உக்காந்திருந்தேன். பாய் இடுக்குல பாத்தேன், ஊரே கரையில நின்னுச்சு. நீங்க தோணி கவுத்து வெக்கற எடத்துல, தண்ணிக்குள்ள முழங்கால் வரைக்கும் எறங்கி நின்னீங்க. சட்டை பொத்தான் மாத்திப் போட்டிருந்தீங்க. வராதீங்கன்னு சொன்னேனே, வந்துட்டாரே, இப்போ திரும்பிக்குவாரேன்னு நெனைச்சேன். நீங்க திரும்பல. ரெண்டு கையையும் வாய்க்குப் பக்கத்துல வெச்சீங்க.

அந்தச் சத்தம் வந்ததும் துடுப்பு போட்டவன் கையை நிறுத்திட்டான். "யாரு? நம்ம வாத்தியாரா?"ன்னான். "வாத்தியாருக்கு இவ்வளவு சத்தம் இருக்கா?"ன்னான் இன்னொருத்தன்.

நான் என்ன செஞ்சேன்னு பாத்திருப்பீங்க. திரும்பிக்கிட்டேன். ஊர் மொத்தமும் பாக்குது, அண்ணன் பேர் சொல்லிக் கூப்பிடறாரு, எனக்கு வேற ஒண்ணும் செய்யத் தெரியல. முதுகைக் காட்டிட்டு, வந்த கப்பலைப் பாத்துக்கிட்டு உக்காந்துட்டேன். கரை தட்டற வரைக்கும் திரும்பல. கோவம்னு நெனைச்சீங்களா? அதுக்காகத்தான் எழுதறேன்.

அண்ணே, நான் அழுதுக்கிட்டிருந்தேன். மூக்குல வாயில எல்லாம் ஒழுகி, பாக்க சகிக்கல. துடுப்புக்காரன் மட்டும்தான் பாத்தான், அவனும் வேற பக்கம் பாத்துக்கிட்டான். அப்போதான் எனக்குத் தௌலுவை நெனைச்சு ஒண்ணு தோணுச்சு. அந்தக் கைக்கொழந்தைக்காரியும் சரி, கரையில நின்ன மத்தவங்களும் சரி, எல்லாரும் தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. மோயா பாத்ததும் முதுகைத்தானே? முன்னாடி போய் அவர் மொகத்தை யார் பாத்தது?

அதையும் உங்க புஸ்தகத்துல சேத்துக்கோங்க. பைவா திட்டினா என்கிட்ட அனுப்புங்க. அவர்கிட்ட நான் பேசலாம், முறை தடுக்காது.

கூரை நல்லா மேஞ்சிருக்காங்க. உங்க கூரை?

திலேசா


கிழக்குக் கோடி
11 அக்டோபர் 1978

அன்புள்ள திலேசா,

பைவா நேற்று வந்தார். வாசலில் நின்று சிரித்து முடிக்கவே நேரமானது. பிறகு உட்கார்ந்து சொன்னார்: "வாத்தியாரே, ஊர் முன்னாடி கத்துனது கத்தியாச்சு. அதுக்கு மேல எழுதறதுல என்ன வெக்கம்? நீ எழுதினதையே அனுப்பு." போகும்போது வாசலில் நின்று, "அந்தப் பொண்ணு, மோயா, அவ கூப்பிட்டது நெசம்தானா?" என்று கேட்டார். நெசம்தான் என்றேன். மெதுவாகச் சொல்லவில்லை.

உன் அப்பா வீட்டுப் பக்கம் நான் வருவதில்லை. வர முடியாது. மாலையில் உன் அடுப்புப் புகை தென்னைகளுக்கு மேல் எழும்போது, கிழங்கு வேகிறது என்று நினைத்துக்கொள்கிறேன். முன்பு உனக்கும் எனக்கும் நடுவே ஒரு கடல் இருந்தது. இப்போது ஒரு பாதை இருக்கிறது. கடலைவிட இது கடினம். ஆனாலும் கடிதத்துக்குக் கப்பல் தேவைப்படுவதில்லை. பதில் எழுது.

நீ சொன்னதை எழுத உட்கார்ந்தேன். தௌலு அழுதார் என்று எழுதினேன். அதை அடித்துவிட்டேன். நான் பார்க்கவில்லை, நீயும் பார்க்கவில்லை. ஒருவேளை அழாமலும் இருந்திருக்கலாம். தெரியாததை எழுத என் கைக்கு வராது என்பது உனக்குத் தெரியும். கடைசியில், தெரிந்ததை மட்டும் வைத்து அந்தப் பக்கத்தை இப்படி முடித்தேன். போதுமா என்று சொல். கப்பல் நாளை மறுநாள் வருகிறது.

"தங்கை மோயா படகில் எழுந்து நின்று அவரைப் பெயர் சொல்லி அழைத்தாள். அவர் திரும்பிக்கொண்டார். அப்போது அவர் முகத்தை யாரும் பார்க்கவில்லை."

சிமியோனா